குதிரைக்கும் "ஹவுஸ் சர்ஜன்" உண்டு! ராத்திரித் தூக்கம் கிடையாது. உதைக்குப் பஞ்சம் கிடையாது

ஜெனரல் ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒரு முறையாவது போய் வந்தவர்களுக்கு "ஹவுஸ் சர்ஜன்" யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கண்ணில் தூக்கக் கலக்கம், கையில் ஆறிப்போன டீ. பெரிய டாக்டர் வருவதற்குள் வார்டு முழுவதையும் சுற்றி முடித்திருப்பார். "சார், ஊசி எப்ப போடுவீங்க?" என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் பிடித்துக் கொள்வதும் அவரைத்தான்.

குதிரைக்கும் அப்படி ஒரு ஹவுஸ் சர்ஜன் உண்டு!

நம் ஊரில் அல்ல. இங்கிலாந்தில் நியூமார்க்கெட், அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன். பந்தயக் குதிரை உலகத்தில் இந்த இரண்டு ஊரையும் தெரியாதவர் கிடையாது. லண்டனிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டரில் இருக்கும் நியூமார்க்கெட்டில் மட்டும் சுமார் 3,000 பந்தயக் குதிரைகள். காலையில் அவை பயிற்சிக்காக ரோட்டைக் கடக்கும்போது கார்கள் நின்று வழி விடுகின்றன.

இந்த ஊர்களில் குதிரைகளுக்கு என்றே பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் உண்டு. லெக்சிங்டனில் உள்ள ஹாகியார்ட் ஆஸ்பத்திரியின் பூர்வீகம் 1876-ல் ஆரம்பிக்கிறது. நியூமார்க்கெட்டின் ராஸ்டேல்ஸ் 1959-ல் தொடங்கியது.

இம்மாதிரி ஆஸ்பத்திரிகளில்தான் புதிதாகப் பட்டம் வாங்கிய கால்நடை டாக்டர்கள் ஒரு வருஷத்துக்கு "இன்டர்ன்" ஆகச் சேருகிறார்கள்.

பட்டம் இருக்கே, அப்புறம் என்ன?

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் பி.வி.எஸ்சி. படிப்பு ஐந்தரை வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. அதை முடித்தால்தான் பட்டமே கைக்கு வரும். அது படிப்பின் ஒரு பகுதி.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குதிரை ஆஸ்பத்திரி இன்டர்ன் கதை வேறு. பட்டம் வாங்கியாகிவிட்டது. அரசாங்க லைசென்சும் வந்துவிட்டது. விரும்பினால் மறுநாளே பலகை மாட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்கலாம். சட்டம் தடுக்காது.

அப்படியும் இன்னொரு வருஷம், குறைந்த சம்பளத்துக்கு, ராத்திரி பகல் பாராமல் உழைக்க வரிசையில் நிற்கிறார்கள். ஏன்?

காரணம் மோட்டார் கார்!

ஜட்கா போச்சு, பாடமும் போச்சு

மிருக வைத்தியக் கல்லூரி என்ற ஒன்று உலகத்தில் உண்டானதே பெரும்பாலும் குதிரையால்தான். 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கல்லூரிக்கு அனுமதி வாங்கிய குளோட் பூர்ஷலா, அங்கே குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். 1791-ல் லண்டனில் கல்லூரி வந்தது. அதன் முதல் தலைவரான பிரெஞ்சுக்காரர் சேன்பெல் பெயர் வாங்கியது, "எக்லிப்ஸ்" என்ற பிரபல பந்தயக் குதிரை 1789-ல் செத்தபோது அதை அறுத்துப் பார்த்து அளவெடுத்ததால்! அந்தக் குதிரையின் எலும்புக்கூடு இன்றும் அதே கல்லூரியின் வசத்தில் இருக்கிறது.

சென்னைக் கால்நடைக் கல்லூரியும் 1903-ல் சைதாப்பேட்டையில் "டாபின் ஹால்" என்ற சின்னக் கட்டடத்தில், 20 மாணவர்களோடு ஆரம்பித்ததுதான். டாபின் என்றால் ஆங்கிலத்தில் வண்டிக் குதிரைக்குச் செல்லப் பெயர். தற்செயலோ என்னவோ! பிறகுதான் வேப்பேரிக்குப் போனது. அந்தக் காலத்துச் சென்னையில் ஜட்கா இல்லாமல் ரயிலடிக்குப் போக முடியாது. குதிரை டாக்டருக்கு வேலை இருந்தது.

டிராக்டரும் லாரியும் காரும் வந்தன. உலகம் முழுக்கக் குதிரை குறைந்தது. கல்லூரிப் பாடத்தில் நாயும் பூனையும் மாடும் கோழியும் முன்னால் வந்தன. குதிரை பின் பெஞ்சுக்குப் போனது.

இதன் பலன்? இன்று அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒருவர் நல்ல மார்க்கோடு கால்நடை டாக்டர் ஆகிவிடலாம். ஆனால், வயிற்று வலியில் புரளும் 500 கிலோ குதிரைக்கு முன்னால் தனியாக நிற்கும் அனுபவம் அவருக்கு இருக்காது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் இந்த ஒரு வருஷம்.

வாந்தி எடுக்க முடியாத பிராணி

ஒரு சாதாரண ராத்திரி எப்படிப் போகிறது என்று பார்த்தால், இந்த வேலையின் லட்சணம் புரிந்துவிடும்.

மணி இரண்டு. டெலிபோன் அலறுகிறது. நாற்பது மைல் தூரத்திலிருந்து ஒரு குதிரையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நோய், வயிற்று வலி.

"வயித்து வலிதானே, சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று நினைக்கக் கூடாது. குதிரைக்கு வயிற்று வலி எமன்.

அதன் உடம்பு அமைப்பு அப்படி. உடம்பு பெரியது, இரைப்பை சின்னது. உணவுக் குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை இரும்புப் பிடி. உள்ளே போனது திரும்பி வராது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது! அதற்கு மேல், சுமார் 100 அடி நீளக் குடல். அதில் பெருங்குடலின் பெரும் பகுதி எதிலும் கட்டப்படாமல் வயிற்றுக்குள் தொளதொளவென்று கிடக்கிறது. வாயு சேர்ந்தால் மிதக்கும்; புரண்டால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுக ஆரம்பித்துவிடும்.

டிரெய்லர் கதவு திறக்கும்போது அங்கே நிற்பது இன்டர்ன். பெரிய சர்ஜன் வீட்டில் படுத்திருப்பார். அவரை எழுப்புவதா, வேண்டாமா என்பதை முடிவு செய்வதுதான் இன்டர்னின் முதல் வேலை.

நாடி பார்க்க வேண்டும். நல்ல குதிரைக்கு ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இதயம் துடிக்கும். அறுபதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் விபரீதம். ஈறு நிறம் பார்க்க வேண்டும். ரோஜா நிறமாக இருக்க வேண்டியது செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, மூக்குத் துவாரம் வழியாக நீளமான குழாயை இரைப்பைக்குள் விட வேண்டும். வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு இந்தக் குழாய்தான் வாந்தி. உள்ளே தேங்கியிருப்பதை வெளியே இழுக்காவிட்டால் இரைப்பை வெடித்தே போகும். குழாய் உணவுக் குழாய்க்குள் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் போய், அதில் மருந்தை ஊற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம், நுரையீரல் போயிற்று.

பிறகு தோள் வரை உறை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் வழியாகக் கையை விட்டுக் குடலைத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கண். எது எந்த இடத்தில் இருக்க வேண்டும், எது இடம் மாறிக் கிடக்கிறது என்று விரல் நுனியில் படம் வர வேண்டும். இது புத்தகத்தில் வராது. நூறு குதிரை பார்த்தால்தான் வரும். முரட்டுத்தனமாகப் பார்த்தால் குடல் கிழிந்து, வலி தீரப் பார்த்த குதிரை வைத்தியத்தாலேயே செத்துப் போகும்.

இவ்வளவும் பார்த்து, "இது மருந்தில் தீராது, கத்தி வைக்க வேண்டும்" என்று சொன்னால், அருகில் நிற்கும் குதிரைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு ஆகும்?"

ஆயிரக்கணக்கான டாலர். கையில் காசு இல்லாதவர், ஆசையாய் வளர்த்ததை ஊசி போட்டு முடித்துவிடச் சொல்வதும் உண்டு. இங்கிலாந்தில் சில சமயம் துப்பாக்கியாலும் முடிப்பார்கள். குதிரை டாக்டர்கள் அதையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண், அழுகிற குடும்பத்துக்கு நடுவில் நின்று இதைச் செய்துவிட்டு, அடுத்த டிரெய்லருக்குத் தயாராக வேண்டும்.

பெண் என்று சொன்னது சும்மா இல்லை. அந்த நாடுகளில் இன்று கால்நடைப் படிப்பில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான்.

மயக்கம் தெளியும்போதுதான் ஆபத்து

ஆபரேஷன் என்று முடிவானால் குதிரையை மயக்கி, காலைக் கட்டி, மேலே ஓடும் கிரேனில் தலைகீழாகத் தூக்கி மேஜையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். சர்ஜன் வயிற்றைத் திறக்கிறார். தலைமாட்டில் மயக்க மருந்து கவனிப்பது பல இடங்களில் இன்டர்ன்தான்.

மனிதனுக்கு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் நிம்மதி. குதிரைக்கு அப்போதுதான் கண்டம்! அது புல்வெளியில் ஓநாய்க்குப் பயந்து வாழ்ந்த இனம். நினைவு வந்த அடுத்த நொடி எழுந்து ஓட வேண்டும் என்பதுதான் அதன் புத்தி. கால் தள்ளாடும், விழும், மறுபடி எழும். அந்த முயற்சியில் நல்ல கால் முறிந்து போனதும் உண்டு. அதனால் சுவர் முழுக்க மெத்தை வைத்துத் தைத்த அறையில் விட்டு, தலையிலும் வாலிலும் கயிறு கட்டி, வெளியே நின்று இழுத்துப் பிடித்து எழுப்புகிறார்கள். கயிற்றின் ஒரு முனை பெரும்பாலும் இன்டர்ன் கையில்.

மயக்கத்தின் காரணமாகச் சாகும் குதிரைகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மனிதர்களில் அதைவிடப் பல மடங்கு குறைவு.

2006-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த "பார்பரோ" குதிரையை அமெரிக்கா முழுவதும் அறியும். இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன், உலோகத் தகடும் இருபதுக்கு மேற்பட்ட திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார். மயக்கம் தெளிவிக்கத் தண்ணீர்த் தொட்டியில், ரப்பர் மிதவையில் தொங்கவிட்டார்கள். தண்ணீருக்குள் உதைத்தால் கால் எதிலும் மோதாது அல்லவா?

ஆபரேஷன் ஜெயித்தது. ஆனால் வலிக்கிற காலைத் தூக்கி மற்றக் காலில் பாரம் போட்டதால், அந்த நல்ல காலின் குளம்பு உள்ளே கழன்றது. எட்டு மாதம் போராடிவிட்டு, 2007 ஜனவரி 29-ல் அதைக் கருணைக் கொலை செய்தார்கள். உடைந்த எலும்பைச் சேர்ப்பதோடு குதிரை வைத்தியம் முடிவதில்லை. தினமும் கட்டுப் பிரித்து, கட்டுப் போட்டு, குளம்பைத் தொட்டுச் சூடு பார்க்கிற வேலை மாதக்கணக்கில் இருக்கிறது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அந்த வேலையில் பெரும் பங்கு இளம் டாக்டர்களுக்குத்தான்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே பிறந்த நாள்

ஜனவரி மாதம் பிறந்துவிட்டால் இன்டர்ன் பாடு இன்னும் திண்டாட்டம்.

வட பாதி உலகத்தில் பந்தயக் குதிரை இனத்துக்கு எல்லாம் பிறந்த நாள் ஒன்றே: ஜனவரி 1! மே மாதம் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரி முதல் தேதி ஒரு வயது. அதனால் வருஷ ஆரம்பத்திலேயே குட்டி பிறந்தால் பந்தயத்தில் லாபம். சினைக் காலம் 11 மாதம் என்று கணக்குப் போட்டு, குட்டிகள் எல்லாம் வருஷத்தின் முதல் பாதியில் வந்து விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். விழுவதும் பெரும்பாலும் நடு ராத்திரியில்தான். பெட்டைக் குதிரை, ஆள் நடமாட்டம் அடங்கும் வரை பிரசவத்தைத் தள்ளிப் போடுவதில் கெட்டிக்காரி.

பிறந்த குட்டிக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒரு மணிக்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் டாக்டருக்கு போன்.

சீம்பால் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி வாங்கிக்கொண்டு வருகிறது. குதிரைக் குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெறும் கையோடு வருகிறது. முதல் சில மணி நேரத்துச் சீம்பாலில்தான் எல்லாம். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, சக்தி ஏறவில்லை என்றால் வேறு குதிரையின் பிளாஸ்மாவை ஏற்ற வேண்டும்.

சில குட்டிகள் பிறந்தும் பிறக்காத மாதிரி நிற்கும். தாயைத் தெரியாது, மடியைத் தெரியாது, சுவரை நக்கிக்கொண்டு திரியும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜான் மாடிகன் இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் சொன்னார். மெல்லிய கயிற்றைக் குட்டியின் மார்பைச் சுற்றிப் போட்டு, சுமார் 20 நிமிஷம் இறுக்கிப் பிடிப்பது. பிரசவப் பாதையின் அழுத்தத்தை இன்னொரு முறை கொடுப்பதாம். குட்டி தூங்கிப் போகும். கயிற்றைத் தளர்த்தினால் சில குட்டிகள் எழுந்து நேரே தாயிடம் போய்ப் பால் குடிக்கின்றன! எல்லாக் குட்டிக்கும் பலிப்பதில்லை. பலித்தால் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

பலிக்காத குட்டி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும். மெத்தையில் கிடக்கும். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு தரம் குழாயில் பால். புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். பக்கத்தில் தாய்க் குதிரை கனைத்துக்கொண்டே நிற்கும். இப்படி ஏழெட்டுக் குட்டிகள் ஒரே சமயத்தில் கிடந்தால், ராத்திரி டியூட்டி இன்டர்னுக்கு உட்கார நேரம் ஏது?

இந்த சீசன் ருசி கண்டவர்கள் சிலர், வட பாதியில் குட்டி சீசன் முடிந்ததும் விமானம் ஏறி ஆஸ்திரேலியா போகிறார்கள். அங்கே குதிரைப் பிறந்த நாள் ஆகஸ்ட் 1. ஒரே வருஷத்தில் இரண்டு சீசன் அனுபவம்!

கட்டடம் கட்டுபவரைவிட ஆபத்தான வேலை

2014-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டிஷ் குதிரை வைத்தியர் சங்கத்துக்காக கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் நடத்தியது. முப்பது வருஷ சர்வீசில் ஒரு குதிரை டாக்டர், வேலையைப் பாதிக்கும் அளவுக்கு ஏழெட்டு முறை அடிபடுவார் என்று கணக்கு வந்தது. ராணுவம் போலப் போர்த் தொழில் நீங்கலாகப் பார்த்தால், காயம் படும் அபாயம் இந்தத் தொழிலில்தான் மிக அதிகம் என்றார்கள்.

காயங்களில் பாதி, பின்னங்கால் உதை. மற்றவை முன்னங்கால் அடி, சுவரோடு நசுக்குவது, இத்யாதி. நூற்றுக்கு 7 பேர் நினைவு தப்பி விழுந்திருக்கிறார்கள்.

லாயத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் குதிரையின் காது மடங்குவதைப் பார்த்தே உதை வரப்போகிறது என்று தெரியும். பட்டணத்தில் நாய்க்குட்டி வளர்த்துவிட்டு வந்தவருக்கு அதைக் கற்றுத்தர ஆள் வேண்டும். முப்பது மணி நேரம் தூங்காதவருக்கு, கற்றதும் கண்ணில் படாது.

பயிற்சியா, மலிவுக் கூலியா?

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் கால்நடை டாக்டர் ஆக, கல்லூரிப் படிப்பும் தொழிற்படிப்பும் சேர்ந்து பெரும்பாலும் எட்டு வருஷம். கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். கூடப் படித்தவர் நாய் - பூனை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே நல்ல சம்பளம். ராத்திரி வீட்டுத் தூக்கம். குதிரை இன்டர்னுக்குப் பல இடங்களில் அதில் பாதிகூட வருவதில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்க இடம் கொடுப்பார்கள். கூப்பிட்ட குரலுக்கு வர வசதி!

"எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா? ராத்திரி எழுந்து எழுந்துதான் தொழில் கத்துக்கிட்டோம்" என்பது பெரியவர்கள் கட்சி.

"கத்துக்கொடுத்தா கஷ்டப்படலாம். பாட்டில் மாத்தவும் கட்டுப் போடவும் மட்டும் வச்சுக்கிட்டா, அதுக்குப் பேரு பயிற்சியா?" என்பது சின்னவர்கள் கட்சி.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. நல்ல இடத்தில் ஒரு வருஷம் இருந்தவர், வெளியே ஐந்து வருஷத்தில் பார்க்காத கேஸ்களைப் பார்த்துவிடுகிறார். அறுவை, உள்நோய் என்று ஸ்பெஷலிஸ்ட் ஆக விரும்பினால் அடுத்து மூன்று வருஷ "ரெசிடென்சி" போக வேண்டும். அதற்கு இந்த ஒரு வருஷம்தான் வாசற்படி. கெட்ட இடத்தில் மாட்டியவருக்கோ, ராத்திரி டியூட்டிக்கு ஆள் கிடைக்காத குறையைத் தீர்க்க வந்த சிப்பந்தி உத்தியோகம்தான். இரண்டு இடத்து விளம்பரமும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஐந்தே வருஷத்தில் பாதிப் பேர் காணோம்

இளம் டாக்டர்கள் ஊர்வலம் போகவில்லை, கோஷம் போடவில்லை. பேசாமல் நடையைக் கட்டினார்கள்.

அமெரிக்கக் குதிரை வைத்தியர் சங்கத்தின் தலைமை ஆபீஸ் லெக்சிங்டனில் இருக்கிறது. 1954-ல் ஆரம்பித்த சங்கம். அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: புதிதாகப் பட்டம் வாங்கும் கால்நடை டாக்டர்களில் நேரே குதிரை வைத்தியத்துக்கு வருபவர்கள் நூற்றுக்கு 1.3 பேர். குதிரை இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் இன்னும் 4.5 பேர். இப்படி வருகிற கொஞ்சம் பேரிலும் பாதிப் பேர் ஐந்து வருஷத்துக்குள் நாய் - பூனை வைத்தியத்துக்கு மாறிவிடுகிறார்கள்; அல்லது தொழிலையே விட்டுவிடுகிறார்கள்.

பழைய ஆட்கள் ரிட்டயர் ஆகிறார்கள். புது ஆட்கள் ஓடுகிறார்கள். நடுவில் அகப்பட்டது யார்? ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரை புரள்வதைப் பார்த்துக்கொண்டு, வரிசையாக நம்பர் சுற்றும் பண்ணைக்காரர். நாற்பது மைல் தூரத்தில் டாக்டர் இருந்தால் அவர் பாக்கியசாலி.

சங்கம் விழித்துக்கொண்டது. 2022-ல் இதற்கென்று ஒரு கமிஷனே போட்டது. அது கையில் எடுத்த ஐந்து விஷயங்கள்: சம்பளம், ஆஸ்பத்திரிகளின் வேலைச் சூழல், ராத்திரி அவசர டியூட்டி, மாணவர்கள், இன்டர்ன்ஷிப். ஒரு வருஷப் பயிற்சி விவகாரம், தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஐந்தில் ஒன்றாக வந்துவிட்டது!

பக்கத்துப் பக்கத்து டாக்டர்கள் சேர்ந்து ராத்திரி டியூட்டியை முறை போட்டுப் பகிர்ந்துகொள்வது, அவசரக் கேசை டாக்டர் தேடிப் போகாமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வரச் சொல்வது, ராத்திரிக்குக் கூடுதல் பீஸ் வாங்கி அதை எழுந்து வந்தவருக்கே கொடுப்பது என்று பல யோசனைகள் நடைமுறைக்கு வருகின்றன. சில இடங்களில் இன்டர்ன் சம்பளமும் ஏறியிருக்கிறது. தரும சிந்தனையால் அல்ல. ஆள் கிடைக்காததால்!

வேப்பேரியிலிருந்து போகலாமா?

சென்னையில் குதிரை என்றால் இன்று சட்டென்று ஞாபகம் வருவது புதுப்பேட்டை போலீஸ் குதிரைப் படையும், மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் குதிரைகளும்தான். கிண்டி பந்தயத் திடலுக்கு 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்ததும், கோர்ட்டுக்குப் போனதும் எல்லோரும் படித்த செய்தி. குதிரை வைத்தியத்தில் ஆசை வைத்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி மேல் கண் போவதில் ஆச்சரியம் இல்லை.

போகலாம். ஆனால் நம் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே வைத்தியம் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் ராயல் காலேஜ் நடத்தும் தகுதிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும்; ஆங்கிலப் பரீட்சை தனி. அமெரிக்காவிலும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று பல கட்டப் பரீட்சை இருக்கிறது. செலவு, விசா எல்லாம் அதற்கு மேல். மகனையோ மகளையோ அனுப்ப நினைக்கும் அப்பாமார்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போக வேண்டும்.

அந்த நாட்டுப் பிள்ளைகள் இப்போது கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்கிறார்கள். படிக்கும்போதே லீவில் இரண்டு வாரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கிப் பார்த்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி அவர்களை எடை போடுகிறது. அவர்களும் ஆஸ்பத்திரியை எடை போடுகிறார்கள். பெரிய டாக்டரிடம் பேசுவதோடு நிற்பதில்லை. போன வருஷத்து இன்டர்னைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கிறார்கள்.

வாரத்தில் எத்தனை ராத்திரி? மறுநாள் தூங்க விடுவாங்களா? குழாய் விடும்போது பக்கத்துல யாராவது நிப்பாங்களா? வருஷம் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது கத்தியை உங்க கையில கொடுத்தாங்களா?